தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் வலி: முடிச்சை எங்கே தேடுவது, எப்படி அமுக்குவது?

ஊசிநூல் எழுதியது:

வணக்கம். நான் தையல் வேலை செய்பவள். பாதி நாள் வெட்டும் மேசையில், மீதி நாள் இயந்திரத்தின் முன்னால். வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே ஓர் இடம் பல மாதங்களாக என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. காலையில் மந்தமாக இருக்கும். கத்தரிக்கோலை எடுத்துக் கொஞ்ச நேரம் வெட்டினால் குடைய ஆரம்பித்துவிடும். மாலையில் தலையை வலப்பக்கம் திருப்பவே முடிவதில்லை; உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறேன். வலி முற்றினால் வலது நெற்றிப்பொட்டிலும் தெறிக்கிறது.

மருத்துவரிடம் காட்டினேன். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான் என்று மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பிவிட்டது.

இப்போது என் தங்கை முழங்கையை ஊன்றி அந்த இடத்தை அமுக்கிவிடுகிறாள். அமுக்கும்போது கண்ணில் நீர் வந்துவிடும். பிறகு சிறிது நேரம் சுகம். மறுநாள் பார்த்தால் தோல் நீலமாகக் கன்றியிருக்கும், வலியும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். எல்லோரும் "முடிச்சு, முடிச்சு" என்கிறார்கள். வலிக்கிற இடத்தை எவ்வளவு தடவினாலும் எனக்கு அப்படி எதுவும் கையில் தட்டுப்படவில்லை. அது எங்கேதான் இருக்கிறது? எவ்வளவு அழுத்த வேண்டும், எத்தனை நேரம்? நானே செய்துகொள்ளும்படி யாராவது சொல்லித்தர முடியுமா?

பழைய பிசியோ எழுதியது:

அம்மா, முதலில் தங்கையின் முழங்கைக்கு ஓய்வு கொடுங்கள். தோல் கன்றுகிறது என்றால் உள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்திருக்கின்றன. அதற்கும் வலி தீருவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பலமாகக் குத்தினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள மேலும் இறுகும். நான் பிசியோதெரபி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலம் முழுக்க "இன்னும் பலமாக, இன்னும் பலமாக" என்று கேட்பவர்களோடுதான் எனக்குத் தகராறு.

உங்கள் கையில் முடிச்சு தட்டுப்படாததற்கு எளிய காரணம் உண்டு. நீங்கள் வலிக்கிற இடத்தில் தேடுகிறீர்கள். தசை ஓரிடத்தில் இறுகிக்கொண்டு வலியை வேறோர் இடத்துக்கு அனுப்பும். அமெரிக்க அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு மருத்துவம் பார்த்த ஜேனட் டிராவல் என்ற அம்மையார், எந்தத் தசை எங்கே வலியை அனுப்புகிறது என்பதை உடல் முழுக்க வரைபடமாகவே குறித்து வைத்தார். டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் எழுதியவை 1983இலும் 1992இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தன. அந்தப் படங்களில் எல்லாமே இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. ஆனாலும் தேட ஆரம்பிக்க அதைவிட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் சொல்லும் இடத்துக்கு வலியை அனுப்பக்கூடியவை சில. முதலாவது, தோள்பட்டை எலும்பைத் தூக்கும் தசை. அந்த எலும்பின் உள்பக்க மேல் மூலையில் தொடங்கிக் கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, மேலேயுள்ள நான்கு கழுத்தெலும்புகளில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. வலிக்கிற பக்கமே தலையைத் திருப்ப முடியவில்லை என்கிறீர்கள் அல்லவா, அதனால் என் சந்தேகம் முதலில் இதன்மேல்தான். அடுத்தது, கழுத்தின் முன்பக்கவாட்டில் காறை எலும்புக்கு மேலே இருக்கும் தசைகள். இவை முன்னால் இருந்துகொண்டு பின்னால் முதுகில் வலிக்க வைக்கும். யாருமே அங்கே தேடுவதில்லை. மூன்றாவது, தோள்பட்டை எலும்பின் பின்பரப்பில் படர்ந்திருக்கும் தசை. இது பெரும்பாலும் தோளின் முன்பக்கத்தில்தான் வலிக்கச் செய்யும் என்றாலும், சிலருக்கு உள்விளிம்பிலும் குடையும். வலிக்கிற இடத்திலேயே இருக்கும் தசையைக் கடைசியாகப் பாருங்கள். குனிந்தே இருப்பவர்களுக்கு அது நாள் முழுக்க நீண்டு இழுபட்டுக் களைத்திருக்கும். அதைப் போட்டு மேலும் பிசைவதில் பெரிய பலன் இல்லை.

இனி தேடும் முறை. அவசரப்படாதீர்கள், அமுக்குவதைவிடத் தேடுவதற்குத்தான் அதிக நேரம் ஆக வேண்டும். தசையைப் பாதி தளர்த்தி வையுங்கள். முழுக்க இழுத்து வைத்தால் எல்லாமே கயிறாகத் தெரியும், முழுக்கத் தொய்ந்தால் எதுவுமே தெரியாது. வலது கையை மடியில் தலையணைமேல் வைத்துக்கொண்டு, தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்தால் நான் சொல்லும் பாதி நிலை கிடைக்கும். இடக்கையை முன்பக்கமாகக் கொண்டுபோய், வலது தோளின் மேலாகப் பின்னே விட்டு, தோள்பட்டை எலும்பின் மேல் மூலையைத் தொடுங்கள். அங்கிருந்து விரல்நுனியின் சதைப்பகுதியால், தோலையும் சேர்த்து நகர்த்தியபடி, தசை ஓடும் திசைக்குக் குறுக்கே மெதுவாக உருட்டுங்கள். நகம் படக்கூடாது. விரல் தோலின்மேல் வழுக்கிக்கொண்டு போகவும் கூடாது. அதனால் தேடும்போது எண்ணெய் வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்த பொருளைக் கொண்டே சொல்கிறேன். நாடா கோத்த மடிப்பைத் துணிக்கு மேலே விரலால் குறுக்கே தடவினால் உள்ளே நாடா உருள்வது தெரியும். இறுகிய தசையிழைகளும் அப்படித்தான் விரலுக்கு அடியில் உருளும். கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உருள்வது கிடைத்ததும் அதன் நீளவாக்கில் சிறுகச் சிறுக நகர்ந்து அழுத்திப் பாருங்கள். ஓர் இடத்தில் மற்ற இடங்களைவிடச் சுருக்கென்று இருக்கும். அங்கே சில நொடிகள் பொறுத்திருங்கள். "ஆமாம், இதுதான் என் வலி" என்று உங்களுக்கே தோன்றினால், அல்லது கீழே தோள்பட்டை ஓரத்தில் அந்தக் குடைச்சல் கிளம்பினால், கண்டுபிடித்துவிட்டீர்கள். வலிக்கிறது, ஆனால் உங்களுக்குப் பழகிய வலி இல்லை என்றால் விட்டுவிடுங்கள். நலமாக இருப்பவர்களுக்கும் தோளில் அமுக்கினால் வலிக்கும் இடங்கள் எத்தனையோ உண்டு. விலா எலும்பின் மேட்டையும் தோள்பட்டை எலும்பின் மூலையையும் முடிச்சு என்று நினைத்துக்கொண்டு கரைக்கப் பார்ப்பவர்கள் ஏராளம். எலும்பு கரையாது, அம்மா.

நெற்றிப்பொட்டில் தெறிப்பதற்குக் கழுத்திலிருந்து தோள்வரை சரிந்து இறங்கும் தடித்த தசையைப் பாருங்கள். அதை அமுக்க வேண்டாம். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே கவ்விப் பிடித்து உருட்டுங்கள். பிடித்த இடத்திலிருந்து கழுத்து வழியாக வலி நெற்றிப்பொட்டுக்கு ஏறினால் அதுவும் உங்கள் கணக்கில் சேரும்.

அழுத்தும் அளவு: தாங்கவே முடியாத வலியை 10 என்று வைத்துக்கொண்டால் 5 அல்லது 6இல் நில்லுங்கள். மூச்சு நின்றாலோ, பல்லைக் கடித்தாலோ, தோள் காதை நோக்கி உயர்ந்தாலோ அளவு மீறிவிட்டது என்று பொருள். மெதுவாக இறக்கி, அப்படியே வைத்துக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் வலி பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் கையை எடுங்கள். ஒன்று இடம் தவறு, இல்லையென்றால் பலம் தவறு. பிறகு தலையை இரண்டு பக்கமும் முழு அளவுக்கு நிதானமாகத் திருப்புங்கள், தோளைச் சுழற்றுங்கள். இதைப் பலர் செய்வதே இல்லை. தளர்ந்த தசைக்கு அது போக வேண்டிய தூரத்தைக் காட்டாவிட்டால், தளர்த்தியும் பயனில்லை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் பிசைவதைவிட, ஒரு நாளில் நாலைந்து முறை ஓரிரு நிமிடம் செய்வது மேல். முன்னதாக ஒரு கால் மணி நேரம் வெந்நீர்ப் பை வைத்தால் வேலை சுலபம்.

கட்டைவிரலைப் பத்திரப்படுத்துங்கள்; உங்களுக்குச் சோறு போடும் விரல் அது. முதுகுக்கு டென்னிஸ் பந்து போதும். நீளமான காலுறைக்குள் பந்தைப் போட்டு, தோளுக்கு மேலாகப் பின்னால் தொங்கவிட்டு, சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். தரையில் படுத்தால் உடம்பின் எடை மொத்தமும் பந்தின்மேல் ஏறிவிடும். சுவர் என்றால் பாதத்தை முன்னே பின்னே நகர்த்தி அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வலது கையை மார்புக்குக் குறுக்கே போட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டால் தோள்பட்டை எலும்பு விலகி, உள்ளே இருக்கும் தசை பந்துக்கு எட்டும். பந்து முதுகெலும்பின்மேல் ஏறக்கூடாது. கடைசி விலா எலும்புகளுக்குப் பக்கத்தில், சிறுநீரகம் இருக்கும் இடத்தில், பந்துக்கு வேலையே இல்லை.

கழுத்தின் முன்பக்கவாட்டுத் தசைகளுக்கு மட்டும் என் விதி கடுமையானது. அங்கே பந்தும் கூடாது, முழங்கையும் கூடாது, அடுத்தவர் கையும் கூடாது. உங்கள் விரல்நுனியால் இறகு பட்டதைவிடச் சற்றே அதிக பலத்தில் கீழ்நோக்கி நீவலாம், அவ்வளவுதான். நாடித் துடிப்பு தட்டுப்பட்டால் விலகுங்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அது. கைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் நரம்பைத் தொட்டுவிட்டீர்கள், அப்போதும் விலகுங்கள்.

வேலை செய்யும் முறையையும் கொஞ்சம் பாருங்கள். வெட்டும் மேசை உயரமாக இருந்தால், கத்தரியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வலது தோள் மேலே ஏறும். தாழ்வாக இருந்தால் தலை தொங்கும். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ, அதைப் பிடித்து நிறுத்துவது இந்தத் தசைகள்தான். முழங்கை இயல்பாகத் தொங்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே மேசை இருந்தால் நல்லது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.

சந்தேகி எழுதியது:

பழைய பிசியோ ஐயா சொன்ன முறையில் ஆபத்து எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிச்சு என்ற ஒன்று உண்மையிலேயே இருப்பதுபோல் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரே ஆளின் முதுகை இரண்டு நிபுணர்கள் தனித்தனியே தடவிப் பார்த்தால், முடிச்சு இருக்கும் இடத்தில் இருவரும் ஒத்துப்போவது குறைவு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நரம்பு தசையோடு சேரும் இடத்தில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மிகையாகச் சுரந்து இழைகள் சுருங்கிக்கொள்கின்றன என்பது ஒரு கருதுகோள்தான். வலியை உணரும் நரம்பு மண்டலம் கூருணர்வு அடைந்துவிட்டது, தசையில் கோளாறு இல்லை என்று வாதிடுபவர்களும் உண்டு.

இன்னொன்று. மசாஜ் செய்தால் "தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறும்" என்று யாராவது இங்கே எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சியில் கூடும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானாகவே பழைய அளவுக்கு இறங்கிவிடும். மாதக்கணக்காகத் தோளில் குடியிருக்காது.

பழைய பிசியோ எழுதியது:

லாக்டிக் அமிலக் கதையைப் புதைத்ததற்கு நன்றி; அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே எனக்கு முடி நரைத்தது. நிபுணர்கள் ஒத்துப்போவதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் என் விரல் சொல்வதைவிட, வலிப்பவர் "இதுதான்" என்று சொல்வதற்கு அதிக மதிப்புக் கொடுக்கச் சொன்னேன். உள்ளே சுருங்கியது தசையா, கூருணர்வு பெற்றது நரம்பா என்று நீங்கள் கேட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். எப்படியானாலும் மிதமாகத் தொடுவதும், அசைப்பதும், வேலை செய்யும் விதத்தை மாற்றுவதும்தான் செய்ய வேண்டியவை. நரம்பு கூருணர்வு பெற்றிருக்கிறது என்றால் முழங்கையால் குத்துவது இன்னும் பெரிய தவறு. ஆக, நீங்களும் என் கட்சிதான்.

மெதுஓட்டம் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். வலி ஓரிடம், காரணம் வேறிடம் என்பதை நான் குதிகாலில் பார்த்தேன். ஓட்டப் பயிற்சிக்குப் பிறகு குதிகால் வலித்துக்கொண்டே இருந்தது. பாதத்தை உருட்டிப் பலனில்லை. கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசையில், ஆடுசதைக்குச் சற்றுக் கீழே, ஓர் இடத்தை அமுக்கியபோது குதிகாலில் அதே வலி வந்தது. அன்றிலிருந்து மறுகால் முழங்காலின்மேல் கெண்டைக்காலை வைத்து முன்னும் பின்னும் நகர்த்துகிறேன். எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஐயா, கெண்டைக்காலை எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் அமுக்கலாமா?

பழைய பிசியோ எழுதியது:

முழங்காலைப் பயன்படுத்துவது நல்ல உத்தி, தம்பி. ஆனால் "எவ்வளவு பலமாக வேண்டுமானாலும்" என்பது எந்த இடத்துக்கும் கிடையாது. முழங்காலுக்குப் பின்னாலுள்ள குழியை எப்போதும் விட்டுவிடுங்கள். நரம்பும் இரத்தக் குழாயும் அங்கே பாதுகாப்பில்லாமல் போகின்றன.

கெண்டைக்காலைப் பற்றி எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, வலியோடு இருந்தால் அதில் கை வைக்கவே கூடாது. நீண்ட பயணம், அறுவைச் சிகிச்சை, படுக்கையிலேயே கிடந்த நாட்கள், இவற்றுக்குப் பிறகு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆழமான சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அன்றே மருத்துவரிடம் போங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும் ஆழமாக அமுக்கக் கூடாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிய பிறகு உடம்பெங்கும் தசை வலி வந்தால், பந்தைத் தேடாமல் மருந்து எழுதிக்கொடுத்தவரைத் தேடுங்கள்.

புதிதாக மலையேறியோ படியிறங்கியோ மறுநாள் வரும் தொடைவலி முடிச்சே இல்லை. ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும். அதை அமுக்கி வதைக்க வேண்டாம்.

ஊசிநூல் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி தேடினேன். வலிக்கிற இடத்துக்கு ஒரு சாண் மேலே, தோள்பட்டை எலும்பின் மூலைக்குச் சற்று மேலே, நாடா கிடைத்தது! தொட்டவுடனே கீழே அதே குடைச்சல். இத்தனை நாளும் கீழேயே போட்டு அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு நிமிடம் பிடித்த பிறகு வலி இறங்கியது, தலையும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புகிறது. முழுக்கப் போகவில்லை. மேசையின் கால்களுக்குக் கீழே பலகை கொடுத்து உயர்த்தினேன், குனிவது குறைந்திருக்கிறது.

முன்பு எழுதாத ஒன்று. சில இரவுகளில் வலது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் விழிப்பு வருகிறது. கையை உதறினால் சரியாகிவிடும். கத்தரிக்கோல் பிடிப்பதால் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதற்கும் ஏதாவது முடிச்சைத் தேடலாமா?

பழைய பிசியோ எழுதியது:

தேட வேண்டாம். நல்ல வேளையாகச் சொன்னீர்கள்.

வலி என்பது ஒன்று, மரத்துப்போவது வேறொன்று. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து, உதறினால் சரியாகிறது என்பது மணிக்கட்டுக்குள் நடுநரம்பு நெருக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். நாள் முழுக்கக் கத்தரி பிடிப்பவர்களுக்கு இது வரக்கூடியதுதான். கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருந்து வெளிவரும் நரம்பு வேர் அழுந்தினாலும் கட்டைவிரல் பக்கம் மரக்கும். அதிலும் தோள்பட்டை ஓரத்தில் வலி வருவது உண்டு. எது என்று எழுத்தில் படித்து என்னால் சொல்ல முடியாது. நேரில் பரிசோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனை செய்வார்கள். அந்த மருத்துவரிடமே திரும்பப் போய், விரல் மரப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முன்பு சொல்லாததால்தான் அவர் தசையோடு நிறுத்தியிருப்பார்.

பிடித்த ஊசி கை நழுவினாலோ, கட்டைவிரலின் அடிமேடு மறுகையைவிட வற்றித் தெரிந்தாலோ நாள் கடத்தாதீர்கள். கை வலுவிழந்துகொண்டே போனாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு.

ஊசிநூல் எழுதியது:

வரும் வாரம் நேரம் வாங்கிவிட்டேன். ஊசி நழுவுவதில்லை, கட்டைவிரல் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அதுவரை பந்தை நிறுத்தட்டுமா?

பழைய பிசியோ எழுதியது:

முதுகுக்குச் சுவரும் பந்தும் தொடரலாம். அமுக்கும்போது விரலில் மரப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். கழுத்தின் முன்பக்கவாட்டைத் தொட வேண்டாம். கழுத்தைச் சொடக்கு எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். இரவில் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு தூங்காமல், அதை நேராக நிறுத்தும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், இறுக்கிக் கட்டக்கூடாது. பட்டை கட்டிய இரவுகளில் விழிப்பு குறைந்ததா இல்லையா என்று குறித்துக்கொண்டு போங்கள். மணிக்கட்டா கழுத்தா என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு அந்தக் குறிப்பு உதவும்.